நாற்பது புத்தகங்களுக்கும் சந்தனம்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே நாலு பேர் தேடிப் போய் ஏதாவது கேட்பார்கள். அவரும் கேள்வியை முழுசாகக் காதில் வாங்குவதற்கு முன்பே "சரி" என்று சொல்லிவிடுவார். அப்புறம் அதை நிறைவேற்ற அவர் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இன்னொரு தடவை அதற்குக் காரணமாக இருக்க எனக்கு மனசில்லை.

புதுச்சேரிப் பக்கம், பாகூர் கொம்யூனில் ஒரு கிராமத்துக் கிளை நூலகம். நான் அங்கே நூலகர், அவர் தினக்கூலி அட்டெண்டர். அலமாரி துடைப்பது, பேப்பர் அடுக்குவது, சாவி வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் காகிதப்படி அவர் வேலை. ஊரிலோ அவர்தான் லைப்ரரியம்மா. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டே, "லைப்ரரியம்மா இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்பார்கள். "நான்தான் நூலகர், சொல்லுங்க" என்றால், "சரிங்க சார், அவங்க எப்ப வருவாங்க?" என்பார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார், திட்டும்போதுகூட.

நான் ரிஜிஸ்டர் பைத்தியம். எந்தக் காகிதத்திலும் எனக்கு முதலில் தெரிவது கையெழுத்துப் போடும் இடம்தான். எதையும் "பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டே பழகியவன். இப்படிப்பட்ட என்னை இப்படிப்பட்ட அக்காவோடு ஒரே அறையில் போட்டிருந்தார்கள்.

ஒருநாள் விவசாயி ஒருவர் வந்து, கரும்பு உள்ளுக்குள் சிவந்து அழுகுகிறதே, அதற்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். நான் பட்டியலைப் புரட்ட ஆரம்பிப்பதற்குள், அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இருக்குதுங்க. நாளைக்கு வாங்க."

அவர் போன பிறகு கேட்டேன். "எங்க இருக்குதுக்கா?"

"எங்கியாவது இருக்கும் சார். இல்லாமியா போயிடும்?"

மறுநாள் காலை அக்கா விவசாய ஆபீசில் போய் உட்கார்ந்து, ஒரு துண்டுப் பிரசுரம் கிடைக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லி, ரெண்டாக வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்று விவசாயிக்கு, ஒன்று லைப்ரரிக்கு. "இப்ப இருக்குதா இல்லியா?" என்று என் முன்னால் போட்டார்.

இன்னொரு முறை பக்கத்து ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு நாற்காலி கேட்டு வந்தார்கள். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நூலகத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டு படித்தார்கள். மூன்று நாள் அப்படியே ஓடியது. என் நாற்காலியையாவது விட்டுவைத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, "பாதிரியாருக்கு நல்ல சேரா ஒன்னு வேணுமாம் சார்" என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் இந்த மாதிரி ஒரு மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்பதும் நிஜம்.

அந்த அயர்லாந்து விஷயமும் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

புதுச்சேரியில் கிளை நூலகர்களுக்கு ஒரு கூட்டம். எனக்கு நல்ல காய்ச்சல். மாதாந்திர அறிக்கை அடங்கிய கவரை மட்டும் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அக்காவை அனுப்பினேன். சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், அயர்லாந்துன்னு ஒரு நாடு இருக்குதாமே?"

"இருக்குது. அதுக்கு இன்னா இப்ப?"

"அங்க ஒரு லைப்ரரியும் நம்ம லைப்ரரியும் சேருது சார். அவங்க புள்ளைங்களும் நம்ம புள்ளைங்களும் வாராவாரம் பேசப் போவுது. யாரு செய்வீங்கன்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் சரின்னுட்டேன்."

"அக்கா, நம்மகிட்ட இன்டர்நெட்டே இல்லியே!"

"வரும் சார். படுத்துத் தூங்குங்க."

காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியிருக்கும்.

இன்டர்நெட் வந்தது. எதிரே இருந்த மொபைல் ரீசார்ஜ் கடைக்காரர் தன் வைஃபையைச் சனிக்கிழமை மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். கடையில் மாட்டியிருந்த பெரிய டிவியையும் அன்றைக்குக் கழற்றித் தந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லோரும் ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிறவர்கள். ஏற்பாடு இதுதான்: சனிக்கிழமை நமக்கு மூன்றரை மணி, அவர்களுக்குக் காலை பதினொன்று, அப்போது ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பேசுவார்கள். அந்த நூலகம் நாற்பது புத்தகங்களை எங்களுக்கு இரவல் அனுப்பும். மூன்று மாதத்தில் அவற்றை ஒரு கறை, ஒரு மடிப்பு இல்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த வருஷமும் தொடரும். இல்லையென்றால் அதோடு முடிந்தது. இந்த நிபந்தனைக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்.

முதல் சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் பேசிய இங்கிலீஷ் எனக்கே பாதிதான் புரிந்தது. மொழிபெயர்க்க வேண்டியதும் நான்தான். வியர்த்துக் கொட்டியது. ஆனால் பிள்ளைகள் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஒன்பதாவது படிக்கும் கவிநிலா எழுந்து, "உங்க ஊர்ல கரும்பு லாரி போவுமா? பின்னாடி ஓடி உருவுவீங்களா?" என்று கேட்டாள். நான் மானத்தைக் காப்பாற்ற, "உங்கள் ஊரில் கரும்பு விளையுமா?" என்று மாற்றிச் சொன்னேன். அவள் ஓடுகிற மாதிரியும் கரும்பை இழுக்கிற மாதிரியும் நடித்தே காட்டிவிட்டாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல், எங்களுக்கும் இரண்டு அனுப்பு என்று. வயலுக்கு வரும் மயிலை அப்பா கல்லால் விரட்டுவார் என்று இங்கே ஒரு பையன் சொன்னபோது, அங்கே நாலு பேர் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் மயில் வந்தால் நாங்கள் பள்ளிக்கூடமே போக மாட்டோம் என்றார்கள். அங்கே மழை எப்போது நிற்கும் என்று நம்மவர்கள் கேட்டதற்கு, நின்றதும் சொல்லி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

அக்காவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் யார் எது கேட்டாலும் தலையை ஆட்டி "யெஸ், யெஸ்" என்பார். ஒருநாள் அப்படித்தான், நம் பிள்ளைகள் ஒரு பாட்டுக்கு ஆடிக் காட்டுவார்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பாட்டு எது, யார் ஆடுவது, எதுவும் முடிவாகவில்லை. அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு பேரும் ஆடினார்கள். ரீசார்ஜ் கடைக்காரரும் ஆடினார். வியாழக்கிழமையே சனிக்கிழமைக்காக ஏங்க ஆரம்பித்திருந்தேன் நான், வெளியே சொல்லவில்லை.

புத்தகப் பெட்டி பாகூர் தபாலாபீசுக்கு வந்தது. அக்கா அதை டவுன் பஸ்ஸில் சீட்டில் உட்கார வைத்து, தான் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். "பெட்டிய கீழ வையும்மா, ஆளு ஒக்காரணும்" என்று கண்டக்டர் சொன்னதற்கு, "அது கடல் தாண்டி வந்துருக்குது, களைச்சுப் போயிருக்கும். நாந்தான் நிக்கறேன்ல?" என்றாராம். நூலக வாசலில் பன்னிரண்டு பிள்ளைகளும், அவர்களோடு தம்பி தங்கைகளும் நின்றார்கள். பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசனை வந்தது. எல்லோரும் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். வழுவழு அட்டை போட்ட முப்பத்தொன்பது புத்தகங்கள். நாற்பதாவது மட்டும் அச்சுப் புத்தகம் இல்லை. வெள்ளைத் தாள்களை நூலால் தைத்து, கையால் எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் படம் போட்டிருந்தது. நான் ரிஜிஸ்டரில் "கையால் செய்தது, ஒன்று" என்று எழுதிவிட்டு மூடினேன்.

அதை எழுதி வரைந்தவள் அந்த அயர்லாந்து நூலகத்துக்கு வரும் ஒன்பது வயதுச் சிறுமி. செம்பட்டை முடி, முன்பல் ஒன்று இல்லை. அந்த நூலகம் அதற்கு ஒரு எண் கொடுத்து, மற்றப் புத்தகங்களோடு அலமாரியில் வைத்திருந்தது. உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. இதையெல்லாம் நான் வராத ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளின் பள்ளிக்கூட இங்கிலீஷும் கைச் சைகையுமாக அவள் நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்த இந்தச் செய்தி எனக்கு மட்டும் தெரியாது.

புத்தகங்களைத் திருப்பி அனுப்ப இரண்டு வாரம் இருக்கும்போது சரஸ்வதி பூஜை வந்தது. நான் மண்ணாடிப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்தேன். நூலகம் பொரியும் சாம்பிராணியும் மணத்தது. மேஜை மேல் நாற்பது புத்தகங்களும் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்தேன். முதல் பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில், அந்த நூலகத்தின் முத்திரைக்குப் பக்கத்தில், சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். இரண்டாவதைத் திறந்தேன். மூன்றாவதை. எல்லாவற்றிலும்.

"அக்கா! இன்னாக்கா இது?"

"அட்டையில வெச்சேன் சார், நிக்கல. வழுக்கிகினு போயிடுச்சு. அதான் உள்ள வெச்சேன்." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "நம்ம புத்தகத்துக்கெல்லாம் வெச்சிட்டு, விருந்துக்கு வந்ததுங்கள சும்மா உட முடியுமா? புள்ளைங்க கேட்டுதுங்க, அக்கா இதுங்களுக்கும் வைக்கலாமான்னு. சரின்னேன்."

பூஜையில் வைத்த புத்தகத்துக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் அது குறை. வைத்தால் அந்த ஊர்க் கணக்கில் கறை. என் கையெழுத்து நிபந்தனைக்குக் கீழே நிற்கிறது. அக்கா தினக்கூலி. ஒரு புகார் போனால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். பிள்ளைகளின் சனிக்கிழமையும் போய்விடும்.

அவரை டீ வாங்க அனுப்பிவிட்டு, பஞ்சையும் சோப்புத் தண்ணீரையும் எடுத்து வைத்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்க மேலே இருந்த ஒன்றை எடுத்தேன். அந்தக் கையெழுத்துப் புத்தகம். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கிற எவருக்கும் தெரியும், மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று. எனக்குத் தெரியவில்லை. மூலைகள் ரத்தச் சிவப்பாகிவிட்டன. பயந்துபோய் இன்னும் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். தாள் நைந்தது. ஈரம் அடுத்தடுத்த பக்கங்களில் இறங்கி, ஸ்கெட்ச் பேனா மை கரைந்து, நீலமும் பச்சையும் ஒன்றாய் ஓடின. முதல் நாலு பக்கம் போயே போய்விட்டது.

டீயோடு வந்த அக்கா அதைப் பார்த்தார். தூக்கை அப்படியே தரையில் வைத்தார்.

"எல்லாத்தையும் உட்டு இதையா சார் எடுத்தீங்க? இது அந்தப் பல்லில்லாத பொண்ணு செஞ்சது. ஒன்னே ஒன்னுதான் இருக்குது."

சாயங்காலம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு கடிதம் அடிக்க ஆரம்பித்தேன். கூரை ஒழுகியது, மழைத் தண்ணீரில் புத்தகங்கள் கெட்டுவிட்டன, மன்னிக்கவும். அழகான இங்கிலீஷ். அக்கா பின்னால் வந்து நின்றார்.

"இன்னா சார் அடிக்கிறீங்க?"

படித்துச் சொன்னேன்.

"வேணாம் சார்."

ஒன்றரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை. திரும்பிப் பார்த்தேன்.

"வேணாம். அந்தப் புள்ளைங்க கிட்ட நம்ம புள்ளைங்க இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னது கெடையாது. கரும்பு உருவுனத கூட ஒளிக்கல. நீங்க இத அனுப்புனா சனிக்கெழம இதுங்க பன்னண்டும் அந்தப் பொய்யச் சொல்லணும். நான் பேசிக்கிறேன். நீங்க இங்கிலீஷ்ல சொன்னா போதும்."

"உங்க வேலை போயிடும்க்கா."

"போனா போவட்டும்." சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார். கொக்கி இரண்டு தரம் தவறி, மூன்றாவது தரம்தான் மாட்டியது. அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை வந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் வழக்கமான பிள்ளைகளோடு அந்த ஊர் நூலகர் அம்மாவும், கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் இருந்தார்கள். அடுத்த வருஷம் பற்றி முடிவெடுக்கும் குழுவிலிருந்து வந்திருக்கிறார் என்று அறிமுகம் செய்தார்கள். நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்!

அக்கா ஒரு புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தைத் திரைக்குக் காட்டினார். பிறகு கையெழுத்துப் புத்தகத்தை. அங்கே யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"வருஷத்துல ஒருநாள் புத்தகத்தையெல்லாம் சாமி முன்னாடி வெப்போம். அன்னிக்கு யாரும் படிக்க மாட்டோம், அதுங்களுக்கும் ஓய்வு. மஞ்சள், சந்தனம், குங்குமம் வெப்போம். உங்க புத்தகத்துக்கும் வெச்சேன். மொத வரிசையில வெச்சேன். வெக்கக் கூடாதுன்னு தோணல. நாப்பதும் நான் செஞ்சதுதான். இந்தப் பொண்ணோட புத்தகம் கெட்டதும் என்னாலதான். புள்ளைங்க மேல தப்பு இல்ல, சார் மேலயும் இல்ல. சொல்லுங்க சார்."

நான் சொன்னேன். சாமி, ஓய்வு, முதல் வரிசை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். கடைசி இரண்டு வாக்கியம் வந்தபோது நிறுத்தினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அந்தப் பன்னிரண்டு முதுகுகளையும் பார்த்தேன். "பொட்டு வைத்தது இவர். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையெழுத்துப் புத்தகத்தைக் கெடுத்தது நான். பயத்தில் செய்தேன்" என்றேன்.

அக்காவுக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் நான் என் நெஞ்சில் கை வைத்ததைப் பார்த்துவிட்டார். "இன்னாத்துக்கு சார் சொன்னீங்க?" என்று பல்லைக் கடித்தார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பேசுவதற்குள் அந்தச் சிறுமி எழுந்து காமிராவுக்குப் பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்து மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"கழுவுவதற்கு முன்னால் நீங்கள் அதைப் படித்தீர்களா?"

நான் நூலகர். எண் போட்டேன், அடுக்கினேன், மழை படாமல் மூடி வைத்தேன். நாற்பதில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. சிறுபிள்ளைகள் புத்தகம்தானே என்று நினைத்திருந்தேன். "இல்லை" என்றேன். வாழ்க்கையில் இத்தனை வெட்கமாக எதையும் சொன்னதில்லை.

"இன்னா கேக்குது அது?" என்றார் அக்கா. சொன்னேன்.

"அய்யோ, நாங்க படிச்சோம்னு சொல்லுங்க! படம் பாத்து, அட்டை முதல் அட்டை வரைக்கும், மூணு தரம்." அவர் பாயில் உட்கார்ந்து, அழிந்துபோன பக்கத்தை மடியில் விரித்துக்கொண்டார். "மொத பக்கத்துல கடல். கல்லு சுவரு. அதுமேல ஒரு பொண்ணு ஒக்காந்துருக்குது. ரெண்டாவதுல, தண்ணில இருந்து கருப்பா ஒரு தல எட்டிப் பாக்குது. எருமக்கன்னு. அம்மாவ உட்டுட்டு நீந்தி வந்துடுச்சு பாவம்."

"எங்க ஏரியில கூட அப்புடித்தான் தல மட்டும் தெரியும்" என்றான் மயில் வீட்டுப் பையன்.

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் டிவி ஸ்பீக்கர் கரகரத்தது. சிறுமி இரண்டு கையையும் ஆட்டினாள். அது எருமை இல்லை, அவர்கள் துறைமுகத்துக்கு மீன் கேட்டு வரும் கடல்நாய். ஆனால் அம்மாவை விட்டுவிட்டு வந்தது என்னவோ நிஜமாம். அதைப் புத்தகத்தில் எங்கேயும் எழுதவில்லையே, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்றார் அக்கா.

அவ்வளவுதான். அவள் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். கவிநிலா நோட்டைப் பிரித்து, அழிந்த பக்கங்களை வரையத் தொடங்கினாள். மற்றவர்கள் சுவரை இன்னும் உயரமாகப் போடு, அலையை அங்கே போடு என்று கத்தினார்கள். சிறுமி அங்கிருந்தே திருத்தினாள், மீசையை விட்டுவிட்டாய் என்று. பெரியவர் ஏதோ சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் பிள்ளைகள் அவரை "உஷ்" என்று அடக்கினார்கள். நேரம் முடிந்தபோது கடல்நாய் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. "பாதிக் கதையில் எப்படி நிறுத்துவது? அடுத்த சனிக்கிழமை வந்தாக வேண்டும்" என்று அந்தப் பெரியவரே சொன்னார். அடுத்த வருஷம் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. புகார் எதுவும் வரவில்லை. அந்த முப்பத்தொன்பதும் பொட்டோடுதான் திரும்பிப் போயின; நாற்பதாவது, கவிநிலா வரைந்த பக்கங்களோடு.

திரை அணைவதற்கு முன்னால் சிறுமி என்னை விரலால் சுட்டி ஒன்று சொன்னாள். புத்தகத்தைக் கழுவியவர் அடுத்த வாரம் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, சட்டையை இன்பண்ணிக்கொண்டு, பாயில் முதல் வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். கதை தொடங்கப் போகிறது. பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சார், கொஞ்சம் குனிஞ்சு ஒக்காருங்க. புள்ளைங்களுக்கு மறைக்குது."